கிருஷ்ணனுக்கு எத்தனை அணா?

ராமனிடம் 10 மாம்பழம் இருக்கிறது. அத்தனையையும் விற்று 15 அணா பார்த்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். கிருஷ்ணனுக்கு நாலே நாலு பழம் போதும். கிருஷ்ணன் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கோடை விடுமுறையில் ஒரு நாள் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடும்படி சுவாமிநாதனுக்கு ஆகிவிடுகிறது. விடை ஆறணா. ஒரு பழத்தின் விலையைக் கண்டுபிடித்து நாலால் பெருக்கினால் முடிந்தது. சுவாமிக்குக் கணக்கு ஓடவில்லை, மனம் மட்டும் எங்கெங்கோ ஓடுகிறது. 15 அணாவுக்குக் காலணா குறைந்தாலும் தரமாட்டேன் என்று நிற்கிற இந்த ராமன் யார்? வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் சங்கரைப் போன்ற ஆளாக இருப்பானோ? அப்படியென்றால் கிருஷ்ணன், உருவத்தைப் பார்த்து எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடும் சாமுவேலைப் போலத்தான் இருக்க வேண்டும். நினைக்க நினைக்க அந்தக் கிருஷ்ணன் மீது இரக்கம் சுரக்கிறது. பழம் கனிந்ததா, காயா என்று தெரிந்தால் நியாய விலை சொல்லிவிடலாம் என்று தோன்ற, அதை அப்பாவிடமே கேட்டும் வைக்கிறான். காது திருகப்படுகிறது. அழுகையும் விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வெளியே வருகின்றன.

ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் பகுதி இது. சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் பிறர் படும் பாடு ஒரு பிள்ளைக்கு எப்படிப் பிடிபடுகிறது என்ற கேள்வியோடு நாவலைத் திரும்பப் படித்தால், முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் இருக்கிற ஒருவனுக்கு உருவம் கொடுத்து, அவன் பக்கம் போய் நின்று, அவனுக்காக வருத்தப்படுகிறான் பத்து வயதுப் பையன். பரிவுக்கு வேண்டிய கற்பனை அவனிடம் தாராளமாகவே இருக்கிறது. அது எங்கே பாய்கிறது, எங்கே வற்றிவிடுகிறது என்பதைத்தான் நாராயண் நாவல் முழுக்கக் கூடவே நடந்து கவனிக்கிறார்.

நாவல் 1935இல் லண்டனில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் மூலம் கையெழுத்துப் பிரதி கிரகாம் கிரீனிடம் போனதும், அவர் முயற்சியால் ஹாமிஷ் ஹாமில்டன் அதை அச்சிட்டதும் பலரும் சொல்லி அலுத்த கதை. அது தொடங்கிய இடம் பெங்களூர். பாட்டி நாள் பார்த்துச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் வரியை எழுதியதாக 1974இல் வந்த ‘மை டேஸ்’ என்ற நினைவுக் குறிப்பில் நாராயண் சொல்கிறார். மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் முடிச்சுப் போட்டதில் பிறந்ததுதான் நாவல் நடக்கும் ஊரான மால்குடி என்று பெங்களூரில் இன்றும் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 1898 பிளேக்குக்குப் பின் வளர்ந்த அந்த இரண்டு பேட்டைக்காரர்களுக்கும் அதில் ஒரு பெருமை. நாராயணோ, ஊர் தானாகவே மனதில் வந்து நின்றது என்பதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், காகிதத்தில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவருக்கு எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அவருடைய சொந்தப் பிள்ளைப்பருவம் சென்னை புரசைவாக்கத்தில், பாட்டி வீட்டில் கழிந்தது. கூட்டாளிகள் ஒரு மயிலும் ஒரு குரங்கும். படித்தது லூத்தரன் மிஷன் பள்ளியில். வேதபாட வகுப்பில் தன் வீட்டுச் சாமிகள் கேலி செய்யப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் அவர். நாவலில் வரும் எபினேசர் வாத்தியார் அந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்தவர்தான். ஆனால் தான் பட்டதை வைத்து நாராயண் சுவாமியை உத்தமப் பிள்ளையாக வார்த்துவிடவில்லை. குழந்தைகளைப் பற்றி எழுதும்போது நம் எழுத்தாளர்களில் பலர் வழுக்குவது இங்கேதான்.

மாம்பழக் கணக்குக்கு முன்பே நாவலில் ஓர் எறும்பு வருகிறது. சாக்கடையில் காகிதக் கப்பல் விடும் சுவாமி ஓர் எறும்பைப் பிடித்து அதில் ஏற்றி அனுப்புகிறான். மரத்திலிருந்து உதிர்ந்த இலை மோதிக் கப்பல் கவிழ்கிறது. எறும்பு தென்படுகிறதா என்று கரையோரமாகவே ஓடிப் பார்க்கிறான். இல்லை என்று ஆனதும் ஒரு சிட்டிகை மண் எடுத்து, அதன் ஆன்மாவுக்காக ஒரு பிரார்த்தனை சொல்லி, தண்ணீரில் தூவுகிறான். எறும்பைக் கப்பலில் ஏற்றியவனே அதற்கு ஈமக்கடனும் செய்கிறான் என்பதை நாராயண் சொல்லிக் காட்டுவதில்லை. காட்சியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சுவாமியின் துக்கம் பாசாங்கில்லை. அவனுக்கு அதனால் எந்தச் செலவும் இல்லை என்பதும் உண்மை. எறும்பு எதையும் கேட்பதில்லை. கணக்கில் வரும் கிருஷ்ணனும் அப்படித்தான்.

குழந்தைகளின் ஒழுக்க வளர்ச்சியை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன். பல பத்தாண்டு உழைப்பை 2000இல் வந்த தன் நூலில் தொகுத்தார். பரிவு பிஞ்சு வயதிலேயே முளைவிடுகிறது என்பது அவர் துணிபு: தொட்டிலில் கிடக்கும் சிசுவே இன்னொரு சிசு அழுதால் சேர்ந்து அழுகிறது. ஆனால் வளர்ந்த பிறகும் அதில் இரண்டு கோணல்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்கிறார். ஒன்று, நம்மவர் என்று எண்ணுகிறவர்களுக்கே அதிகம் இரங்குவது. மற்றொன்று, இப்போது கண்ணெதிரே நடப்பதற்கே அதிகம் இரங்குவது. எறும்பின் முடிவு கண்ணெதிரே நடந்தது. அச்சிட்ட கணக்குக்குள் இருக்கும் கிருஷ்ணனுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. ஆனால் சுவாமி அவனைப் பட்டாணியாக்கி நண்பர் கூட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகே அவன்மேல் இரக்கம் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, தானே அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி புரியும் என்பது நாம் எல்லோரும் நம்பும் ஒன்று. சுவாமி விஷயத்தில் அது நடக்கிறதா?

போலீஸ் அதிகாரியின் மகன் ராஜம் ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கு வந்து சேர்கிறான். கோட்டு, டை, பூட்ஸ், பிசிறில்லாத ஆங்கிலம். சுவாமி அவன் பின்னாலேயே போக, பழைய கூட்டாளிகளான சோமு, சங்கர், பட்டாணி மூவரும் சுவாமிக்கு வால் என்று பெயர் வைக்கிறார்கள். ராஜத்தின் வால். பள்ளிக்கூடத்தில் காலடி வைக்கவே கூசும் அளவுக்கு அது அவனைத் தைக்கிறது. நேற்றுவரை தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள் இன்று முகம் கொடுத்துப் பேசாமல் போவதில் இருக்கிற வலியை இவ்வளவு துல்லியமாக எழுதிய பக்கங்கள் இந்திய ஆங்கிலப் புனைகதையில் அதிகமில்லை.

பிறகு கோடை வருகிறது. டிரங்க் ரோட்டுப் பாலத்தடியில் ராஜம், இன்னொரு கூட்டாளி மணி, சுவாமி மூவரும் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மாட்டுவண்டி வருகிறது. ஓட்டுவது ஒரு கிராமத்துச் சிறுவன், பெயர் கருப்பன். மூவரும் வண்டியை மறிக்கிறார்கள். நாங்கள் சர்க்கார் போலீஸ், பாலம் பலமாக இல்லை, வண்டி போகக்கூடாது என்று ராஜம் அதட்டுகிறான். வயது என்ன என்ற கேள்விக்குப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. நூறு என்று எழுதிக்கொள் என உத்தரவாகிறது. நூறு இல்லை ஐயா என்று அவன் கெஞ்சுகிறான். குறித்துக்கொள்ளும் வேலை சுவாமியுடையது. கடைசியில் போக அனுமதி கொடுத்து விட்டுவிடுகிறார்கள். நடுங்கியபடியே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறான் அவன். இவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வால் என்று பெயர் வாங்கியவனே இங்கே எழுத்தர் உத்தியோகம் பார்க்கிறான். வால் நாட்களின் நினைவு அவனை ஒரு கணம்கூடத் தடுப்பதில்லை. எறும்புக்கு மண் தூவியவன் கருப்பனின் நடுக்கத்தைக் கண்ணெதிரே பார்த்தும் அசையவில்லை. ஹாஃப்மன் சொன்ன இரண்டாவது கோணல் இங்கே உதவிக்கு வந்திருக்க வேண்டும், துன்பம் முன்னால்தானே நிற்கிறது. முதல் கோணல் அதை விழுங்கிவிட்டது. கருப்பன் பள்ளிக்கூடப் பையன் இல்லை, இங்கிலீஷ் தெரியாது, வண்டிக்காரன். வர்க்கமும் சாதியும் சேர்ந்து கட்டிய அந்தச் சுவரை நாராயண் ஒரு வார்த்தையாலும் சுட்டுவதில்லை. இதை நாவலாசிரியரின் அலட்சியம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. நூறு வயது என்று எழுதாதீர்கள் என்று கெஞ்சும் குரலை நமக்குக் கேட்க வைத்தவர் அவர்தானே. சுவாமியின் காதில் அது விழவில்லை, நம் காதில் விழுகிறது. பாவம் செய்தவன் அடுத்த அத்தியாயத்தில் வருந்தித் திருந்துவான் என்ற குழந்தை இலக்கிய வாய்ப்பாட்டை அவர் மறுத்ததில்தான் நாவலின் நேர்மை இருக்கிறது. கருப்பன் திரும்ப வருவதே இல்லை.

சுவாமி உண்மையாகவே ஏதாவது கற்றுக்கொள்ளும் இடம் என்றால் அது பாட்டியின் அறை. முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருட்டான நடை. அதில் ஜமக்காளம், தலையணை மூட்டைகளோடு அவள் படுக்கை. பக்கத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி, அதற்குள் செப்புக் காசு, ஏலக்காய், கிராம்பு, பாக்கு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஏலக்காய் கிராம்பு வாசனையில் பாட்டி மடியில் தலைவைத்துக்கொண்டு சுவாமி ராஜத்தின் பிரதாபங்களை அளப்பான். அவளும் தன் பங்குக்கு அரிச்சந்திரன் கதையை எடுப்பாள். நாடும் மனைவியும் மகனும் போன பின்னும் வாக்குத் தவறாத ராஜாவின் கதை நம் வீடுகளில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளை அழ வைத்திருக்கிறது! சுவாமியின் காது அதில் இல்லை. ராஜத்தின் அப்பா எவ்வளவு பெரிய அதிகாரி என்று பாட்டிக்குப் புரிய வைப்பதுதான் அவனுக்கு அவசரம்.

பின்னால் கிரிக்கெட் குழு ஆரம்பித்து, பந்து வீசும் திறமைக்காக இங்கிலாந்து வீரர் டேட்டின் பெயரால் அவனை அழைக்கத் தொடங்கிய நாட்களில் ஒரு சாயங்காலம். அவன் விளையாடக் கிளம்புகிறான். பாட்டிக்கு வயிற்றுவலி. ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுடா என்கிறாள். ராஜம் காத்திருப்பான், நேரமில்லை என்று சுவாமி நிற்காமல் போய்விடுகிறான். விளையாடும் வரை ஒன்றும் உறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து, எல்லோரும் பிரிந்து, தனியாக நடந்து வரும்போதுதான் அந்த எலுமிச்சம்பழம் மனதில் வந்து உட்காருகிறது. தன்னையே திட்டிக்கொள்கிறான். பாட்டி வலியில் துடித்துக்கொண்டிருப்பாளோ, அதற்கு மேலும் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயம் ஏறுகிறது. நெஞ்சு படபடக்க வீட்டுக்குள் நுழைகிறான். பாட்டிக்கு ஒன்றுமில்லை, வலி போய்விட்டது. வந்த நிம்மதியில் கிரிக்கெட் பேச்சை எடுக்கிறான். டேட் யார் என்றே பாட்டிக்குத் தெரியவில்லை. இவ்வளவு விவரம் இல்லாதவளா என்று முதலில் திகைத்து, பிறகு பரிதாபப்பட்டு, பொறுமையாக விளக்க ஆரம்பிக்கிறான்.

இந்தச் சில பக்கங்களில் நாராயண் சாதித்திருப்பது அசாத்தியமான காரியம். முதலாவது, எறும்பும் கிருஷ்ணனும் கேட்காததைப் பாட்டி கேட்கிறாள். அதுவும் அவனுக்குக் கொஞ்சமும் தோதில்லாத வேளையில். பரிவுக்கு முதல்முறையாக ஒரு விலை வருகிறது: ஒரு சாயங்கால ஆட்டம். அந்த விலையைக் கொடுக்க அவன் தயாராக இல்லை. இரண்டாவது, துன்பப்படுபவள் இப்போது கண்ணெதிரே இல்லை. இருட்டில் நடந்து வருகிறவன் அவளை மனதில் கொண்டுவந்து நிறுத்துகிறான். மாம்பழக் கணக்கில் விளையாட்டாக ஓடிய அதே கற்பனைதான் இங்கே அவனைப் பிடித்து உலுக்குகிறது. யாரும் அதட்டவில்லை, யாரும் நீதி சொல்லவில்லை, அப்பாவுக்கு விஷயமே தெரியாது. மூன்றாவது, குற்றவுணர்ச்சி தெளிந்த அடுத்த நிமிடமே அவன் பழைய சுவாமிதான். விவரம் தெரியாத கிழவிக்கு விளக்கம் சொல்லும் பெரிய மனிதன். ஒருவரைப் பற்றிக் கவலைப்படுவதும் அவரை மட்டமாக நினைப்பதும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று காட்டத் துணிந்த எழுத்தாளர்கள் குறைவு. வயதான பெற்றோரிடம் இதையேதான் வளர்ந்த பிறகும் பலர் செய்துகொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையும் நினைவுக்கு வருகிறது. பெட்டி ரெபாகோலியும் ஆலிசன் கோப்னிக்கும் 1997இல் வெளியிட்டது. குழந்தையின் முன்னால் ஒரு கிண்ணத்தில் பிஸ்கோத்து, இன்னொன்றில் ப்ரோக்கோலி. பரிசோதிக்கிறவர் ப்ரோக்கோலியை ருசித்துச் சப்புக்கொட்டி, பிஸ்கோத்துக்கு முகம் சுளிக்கிறார். பிறகு கை நீட்டிக் கொஞ்சம் கொடு என்கிறார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கோத்தையே எடுத்துக் கொடுத்தன. 18 மாதக் குழந்தைகள், தங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அவருக்குப் பிடித்த ப்ரோக்கோலியைக் கொடுத்தன. என் ருசி வேறு, உன் ருசி வேறு என்று தெரியவருவது அவ்வளவு சீக்கிரம். நாவலின் கடைசியில் ராஜம் ஊரைவிட்டுப் போகும்போது சுவாமி என்ன பரிசு கொடுக்கிறான் என்று பாருங்கள். அப்பா வாங்கித் தந்த ஆண்டர்சன் தேவதைக் கதைகள். கடினமான ஆங்கிலச் சொற்கள் நிறைந்த அந்தப் புத்தகத்தை அவனால் ஒழுங்காகப் படித்து முடிக்கவே முடிந்ததில்லை. ராஜம் புத்தகம் படிக்கிறவன், ஆகவே இது. 18 மாதக் குழந்தையின் அறிவுதான் இது, ஆனால் கோபித்துக்கொண்டு முகம் பார்க்க மறுப்பவனுக்காக அதைப் பயன்படுத்துவதற்கு இத்தனை வருஷங்களும் ஒரு நாவலும் தேவைப்பட்டிருக்கின்றன. கோபத்துக்குக் காரணம், கிரிக்கெட் பந்தயத்தன்று சுவாமி இல்லாமல் போனது. தலைமையாசிரியரின் பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடியவன், மெம்பிக் காட்டில் வழி தெரியாமல் கிடந்தான்.

அந்தக் காணாமல்போன ராத்திரியில் நாவல் ஒரு காரியம் செய்கிறது. அதுவரை சுவாமியின் கண்ணை விட்டு அதிகம் விலகாத கதை அவனைக் காட்டில் விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் போகிறது. காதைத் திருகிய அதே அப்பா தெருத்தெருவாக அலைகிறார், சரயு ஆற்றங்கரைக்குப் போகிறார், ரயில் பாதையைப் பார்க்கவே அஞ்சுகிறார். அவர் மனதில் என்னென்ன படங்கள் ஓடுகின்றன என்பது நமக்குத் தெரிகிறது. சுவாமிக்கு அது கடைசிவரை தெரிவதில்லை. அப்பாவின் பக்கம் நின்று பார்க்கும் பயிற்சி நாவலில் இருக்கிறது, ஆனால் அது வாசகனுக்கு மட்டும்.

ஹார்ப்பர் லீ 1960இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலோடு இதை வைத்துப் பார்க்கலாம். பிள்ளை பரிவு கற்கும் கதை என்றதும் உலகெங்கும் ஆசிரியர்கள் எடுப்பது அதைத்தான். அங்கே அப்பா வக்கீல். அடுத்தவன் இடத்தில் நின்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார், மகள் தடுமாறித் தடுமாறி அதைப் பழகுகிறாள். சுவாமியின் அப்பாவும் வக்கீல்தான், ஆனால் சொல்லிக் கொடுப்பது கணக்கு. அமெரிக்க நாவலில் பரிவு ஒரு பாடம், அதற்கு ஒரு வாத்தியாரும் இருக்கிறார். மால்குடியில் அதற்குப் பாடவேளையே கிடையாது.

கன்னடத்தில் இதற்கு நேரெதிர் ஓரத்தில் நிற்கும் ஒரு கதை உண்டு: யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘கடஷ்ராத்த’. கிரீஷ் காசரவள்ளி அதை 1977இல் படமாக்கினார், தேசிய விருதில் தங்கத் தாமரை கிடைத்தது. மலைநாட்டு அக்ரகாரம் ஒன்றில் வேதம் படிக்க வந்த நாணி என்ற சின்னப் பையனும், குருவின் இளம் விதவை மகள் யமுனாவும். அவள் கருவுற்றது தெரிந்ததும் உயிரோடிருப்பவளுக்குச் சிராத்தம் செய்து சாதியை விட்டுத் தள்ளுகிறார்கள். அவளுடைய வேதனை அத்தனை பெரியவர்களிலும் அந்தப் பையன் ஒருவனுக்குத்தான் முழுதாகப் புரிகிறது. ஆனால் அவனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. சுவாமியால் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்க முடியும், வாங்கவில்லை. நாணிக்குச் செய்ய மனம் இருக்கிறது, வழி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. நாராயணின் புன்னகையிலேயே தங்கிவிடும் ஆபத்திலிருந்து அனந்தமூர்த்தி நம்மை எழுப்பிவிடுவார்.

இப்படிப்பட்ட கதைகளைப் படித்தால் பரிவு வளருமா? டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ இருவரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வளரும் என்றார்கள். இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள், பிறர் மனநிலையைக் கண்டுபிடிக்கும் தேர்வில் மேலான மதிப்பெண் எடுத்தார்களாம். செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு மற்றவர்கள் அதையே செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. அரைமணி நேர வாசிப்பில் பரிவு ஏறிவிடும் என்றால் இத்தனை நூற்றாண்டு அரிச்சந்திரக் கதாகாலட்சேபத்துக்குப் பிறகு நாம் எல்லோரும் எங்கேயோ போயிருப்போம்.

வகுப்பறையில் நாவலை என்ன செய்யலாம் என்பது உருப்படியான கேள்வி. 1980களில் சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த தொலைக்காட்சித் தொடரால் சுவாமியை எல்லோருக்கும் தெரியும். பள்ளிகளிலும் படிக்கிறார்கள். எல்லோரும் சுவாமியாகிவிடுகிறார்கள் என்பதுதான் சங்கடம். மாம்பழக் கணக்கில் எந்தப் பிள்ளையும் சுலபமாக சுவாமி பக்கம் சேர்ந்துகொள்ளும். நான் ஆசிரியராக இருந்தால் பாலத்தடியிலிருந்து தொடங்குவேன். அன்றைக்கு வீடு திரும்பியதும் கருப்பன் தன் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். தினமும் வாசல் கேட்டில் பெயர், நேரம், வீட்டு எண் எழுதிவிட்டுக் காத்திருக்கும் உணவு டெலிவரிப் பையன்களைப் பார்த்து வளரும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு அடுக்ககப் பிள்ளைகளுக்கு, அந்த நோட்டில் யார் எழுதுகிறார்கள், யார் எழுத வைக்கிறார்கள் என்பது எழுதும்போதே தெரிந்துவிடும். சிலருக்குக் கோபம் வரும், சுவாமி அப்படிப்பட்டவன் இல்லை என்று வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கு ஒரு பீரியட் போதாது, இரண்டாவது பீரியடையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.